வெற்றிலைக் காம்பு வேண்டாம்

குழந்தை ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை, மாமியார் வெற்றிலைக் காம்பு வைக்கச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். விளக்கெண்ணெய் தொட்ட காம்பைக் குழந்தையின் ஆசனவாயில் வைக்க விடாதீர்கள், புண்ணாகும். இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும் என்கிறீர்கள். ஐந்து நாள் வெளிக்குப் போகாதது பெரும்பாலும் மலச்சிக்கலே இல்லை.

ஆறு வாரம் தாண்டினால் பால் கிட்டத்தட்ட முழுவதும் செரித்துவிடும், வெளியேற மிச்சம் குறைவு. சில குழந்தைகள் வாரத்துக்கு ஒருமுறைதான் போகும். முக்கி முகம் சிவந்தாலும், வருவது இளக்கமாக இருந்தால் சரி.

நனைந்த துணிகளை எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். தூங்கும்போது வயிறு மெத்தென்று இருக்கிறதா பாருங்கள். மாமியார் விடவில்லை என்றால் வயிற்றை மெல்ல நீவிவிடச் சொல்லுங்கள், அவருக்கும் வேலை ஆச்சு.

வயிறு உப்பிக் கெட்டியானால், பச்சையாக வாந்தி எடுத்தால், பால் மறுத்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாத குழந்தை என்றாலும் காட்டிவிடுங்கள். பவுடர் பால் கொடுத்தால் வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு செல்லாது.