யாழ்ப்பாண நகரம் முழுக்கப் பொது வைஃபை வந்தால் இப்போதுள்ள இணைய நிறுவனங்கள் என்னவாகும்?

பொது வைஃபை என்றால், மாநகர சபை போன்ற ஓர் அமைப்பு தெருக் கம்பங்களில் கருவிகளைப் பொருத்தி, எல்லோருக்கும் இணையம் தருவது.

அதனால் நிறுவனங்கள் படுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. கம்பத்திலிருந்து வரும் அலை சில பத்து மீட்டர்தான் நன்றாக எட்டும். கல்வீட்டுச் சுவரைத் தாண்டும்போதே சோர்ந்துவிடும். அப்புறம், அந்தக் கம்பத்துக்கு வரும் இணைப்பையே எஸ்எல்டி, டயலொக் போன்ற நிறுவனங்களிடம்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கும்.

ஊர்ப் பொதுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். வழிப்போக்கருக்கும் கிணறில்லாத வீட்டுக்கும் அது பெரிய உதவி. அதற்காக வளவுக்குள் கிணறு வைத்திருப்பவர் அதைத் தூர்த்துவிடுவாரா? நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சனமெல்லாம் ஒரே கிணற்றில் வாளி விட்டால் என்ன ஆகுமோ, ஒரே கம்பத்தில் அத்தனை கைபேசிகள் சேர்ந்தாலும் அதுதான் ஆகும்.

அடி விழக்கூடிய இடம் வேறு. பஸ் நிலையத்திலும் சந்தையிலும் நிற்கும்போது சின்னச் சின்ன டேட்டா பொதி போடுபவர்கள் குறைவார்கள். அந்த வருமானத்தைக் காக்க நிறுவனங்கள் விலையைக் குறைத்தால், டேட்டாவை எண்ணி எண்ணிப் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்லது. எனக்கு அதுதான் முக்கியம்.

பொது வைஃபையே தாக்குப்பிடிக்காமல் போகவும் கூடும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நகர வைஃபை அமைத்த எர்த்லிங்க் நிறுவனம், வருமானம் போதாமல் 2008இல் விலகிக்கொண்டது.

‘இலவச வைஃபை’ என்றால் செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இணைப்பு, மின்சாரம், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் வரிப்பணமோ விளம்பரமோ காசு கட்டிக்கொண்டுதான் இருக்கும்.