நல்லவன் சர்டிஃபிகேட் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் கொருக்குப்பேட்டை. போன வாரம் அம்மாவோடு உட்கார்ந்து போனில் 'காதல் தி கோர்' பார்த்தேன். கல்யாணமான ஒரு ஆண் இன்னொரு ஆணைக் காதலிப்பதைப் பற்றிய மம்மூட்டி படம். படம் முடிந்ததும் அம்மா, "பாவம் அந்தப் பொண்ணு, இருபது வருஷம் எப்படித்தான் இருந்தாளோ" என்றார். மம்மூட்டியைத் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மலையாளத்தில் ஓடுகிற இந்த மாதிரிப் படம் தமிழில் ஏன் ஓடுவதில்லை? 2025 பிப்ரவரியில் வெளியான, இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் 'காதல் என்பது பொதுவுடமை' எங்கள் பக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நம் ஆட்களுக்குப் பக்குவம் போதாது என்கிறார்கள் நண்பர்கள். காசிமேட்டில் படகில் வேலை செய்யும் இரண்டு ஆண்களின் காதலை வைத்து ஒரு குறும்படம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

பக்குவம் என்கிற பேச்சை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். படம் விழுந்தால் பார்த்தவன் மேல் பழியைப் போடுவது எல்லா ஊரிலும் உண்டு. 2022-இல் ஹாலிவுட்டில் 'ப்ரோஸ்' வந்தது. இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் காமெடி. 2.2 கோடி டாலர் செலவு. உலகம் முழுக்க வசூல் ஒன்றரைக் கோடியைத் தொடவில்லை. அதன் நாயகன் பில்லி ஐக்னர், ஆண்-பெண் காதல் ஆட்கள் தியேட்டருக்கு வரவில்லை என்று ட்விட்டரில் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். ஆனால் அதே ஆட்கள்தானே 2005-இல் 'ப்ரோக்பேக் மவுண்டன்' பார்த்தார்கள்? சுமார் 1.4 கோடி டாலரில் எடுத்து, முதல் வாரம் ஐந்தே தியேட்டரில் போட்டு, பேச்சு பரவப் பரவத் தியேட்டரைக் கூட்டினார்கள். கடைசியில் 17 கோடி டாலருக்கு மேல் வசூல். 'ப்ரோஸ்' எடுத்த எடுப்பில் மூவாயிரம் தியேட்டருக்கு மேல் இறங்கியது. கணக்கும் ஒரு காரணம்தான்.

ஆனால் முழுக் காரணம் கணக்கு இல்லை. உங்கள் அம்மா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் 'காதல் தி கோர்' படத்துக்குள் நுழைந்தது மனைவி ஓமனா வழியாக. மம்மூட்டி நடித்த மாத்யூ பஞ்சாயத்து இடைத்தேர்தலில் நிற்கிற நேரம் பார்த்து, மனைவி விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போகிறாள். மாத்யூ ஊரில் மரியாதைப்பட்ட ஆள், நல்லவன். ஆனால் தெரிந்தே ஒரு பெண்ணின் இருபது வருஷத்தைத் தின்றவன். மகனைப் பற்றித் தெரிந்தும் கல்யாணம் செய்துவைத்த அப்பாவும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒளிந்து வாழ்வதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று படம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறது. எந்த வீட்டு அம்மாவுக்கும் அது புரியும்.

அதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. மாத்யூவும் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தங்கனும் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவதை நாம் பார்ப்பதே இல்லை. குடும்பத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்காகக் காதலர்களைத் திண்ணையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

தமிழுக்கு வருவோம். 2006-இல் 'வேட்டையாடு விளையாடு'வில் ஆணைக் காதலிக்கிற ஆண்கள் கொலைகாரர்கள். 2010-இல் 'கோவா'வில் காமெடி ஜோடி. இப்போது நல்லெண்ணத்தோடு எடுப்பவர்கள் நேர் எதிர்ப்பக்கம் போய், பாத்திரத்துக்கு நல்லவன் சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்புகிறார்கள். அவன் பொய் சொல்லமாட்டான், கடன் வாங்கமாட்டான், எல்லோருக்கும் பொறுமையாகப் பாடம் எடுப்பான். வட சென்னைக்காரர்களுக்கு இந்த வைத்தியம் பழக்கம்தானே? முதலில் நம்மை எல்லாம் அருவாளோடு காட்டினார்கள். அப்புறம் தப்பைத் திருத்துகிறேன் என்று வந்தவர்கள் பாக்ஸிங் கிளவுஸை மாட்டிவிட்டு உத்தமர்களாக்கினார்கள். தண்டையார்பேட்டையில் சீட்டுப் பணம் கட்ட முடியாமல் பொண்டாட்டியிடம் பொய் சொல்கிற சாதாரண ஆளை எவனும் எடுக்கவில்லை.

'காதல் என்பது பொதுவுடமை'யில் ரோகிணி நடித்த அம்மா எனக்குப் பிடித்திருந்தது. ஊருக்கெல்லாம் முற்போக்கு பேசியவள், மகள் ஒரு பெண்ணை அழைத்து வந்ததும் உடைந்துபோகிறாள். அங்கே படத்துக்கு உயிர் வருகிறது. மற்றவர்கள் பேச ஆரம்பித்தால் பட்டிமன்ற மேடை.

இதற்கு மாற்றாக 'அலிகர்'. 2016-இல் இந்தியில் வந்தது. பேராசிரியர் சிராஸாக நடித்த மனோஜ் பாஜ்பாய் ராத்திரி தனியாக விஸ்கியை ஊற்றிக்கொண்டு லதா மங்கேஷ்கர் பாட்டுக்குக் கண்ணை மூடித் தலையாட்டுவார், சுருதி சேராமல் கூடவே பாடுவார். கொஞ்சம் சிடுமூஞ்சி, கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பிடிவாதம். அவர் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. பெரிதாக ஓடாத படம்தான். ஆனால் ஓடிய எத்தனையோ படங்கள் மறந்துபோன பிறகும் அந்தப் பாட்டுக் கேட்கும் முகம் எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்று, யாரும் பேசாதது. இந்த மாதிரிப் படத்தை முதலில் பார்க்க வேண்டியவன், ஆணைக் காதலிக்கிற ஆண், தன் பேட்டைத் தியேட்டர் வாசலில் நிற்கவே முடியாது. டிக்கெட் கிழிப்பவர் மாமாவுக்குத் தெரிந்தவர், பார்க்கிங்கில் டோக்கன் கொடுப்பவன் பள்ளிக்கூடத் தோழன். ஓட்டேரியில் இருப்பவன் ராயப்பேட்டை மாலுக்குப் போய்ப் பார்ப்பான், இல்லாவிட்டால் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் பார்ப்பான். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தளர்த்திவிட்டது, சரி. தெரு இன்னும் தளர்த்தவில்லை. அதனால் நம் பக்கத்து முதல் வாரக் கலெக்‌ஷனை மட்டும் வைத்து இந்தப் படங்களைத் தோல்வி என்று சொல்ல நான் தயங்குவேன்.

உங்கள் குறும்படம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். மற்ற மாதங்களில் இருவரும் ஒரே விசைப்படகில் தங்குகடலுக்குப் போனால் நாள் கணக்கில் சேர்ந்தே இருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தடை வந்தால் போட் கரையில். வீட்டில் உட்கார வேண்டும், பெண் பார்க்கும் பேச்சு அப்போதுதான் வரும். இருவரும் சந்திக்க ஒரு சாக்கு வேண்டும். வலை பின்னுவதா, போட்டுக்குப் பெயின்ட் அடிப்பதா, எது என்று முடிவு செய்யுங்கள். கூடவே, ஒருவன் மற்றவனிடம் வாங்கிய காசைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கட்டும். எழுதி முடித்ததும் ஏலக்கூடத்தில் வேலை செய்கிற யாரிடமாவது வசனத்தைப் படித்துக் காட்டிவிட்டு, அப்புறம் எனக்கு அனுப்புங்கள்.