ரேஸுக்குப் போகும் குடும்பஸ்தர்

அன்புள்ள ஐயா,

பைக் ரேஸ் வீரர் ஜோயி டன்லப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். மனைவி, ஐந்து பிள்ளைகள், ஊரில் சின்னதாக ஒரு மதுக்கடை, அநாதைக் குழந்தைகளுக்கு உதவி என்றெல்லாம் சொல்லி, அவரை நல்ல குடும்பஸ்தர் என்று எழுதியிருந்தீர்கள். 48 வயதில் மழையில் பைக் ரேஸ் ஓட்டி மரத்தில் மோதிச் செத்தவரை அப்படிச் சொல்லலாமா? போன வருஷம் காலமான என் அப்பா டூவீலர் மெக்கானிக். சோழவரத்தில் ரேஸ் என்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு ரயிலேறிவிடுவார். ஆனால் பார்த்ததோடு சரி. "புள்ளகுட்டிக்காரன் ஓட்டக் கூடாதுடா" என்பார். எனக்கு அவர் பேச்சில்தான் நியாயம் தெரிகிறது.

- ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சொன்னதை மறுத்துப் பேச என்னிடம் சரக்கு இல்லை. டன்லப் 26 முறை ஜெயித்த டிடி என்ற பைக் ரேஸ், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவில், சாதாரண ஊர்ச் சாலையில் நடப்பது. ஒரு சுற்று 60 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கல் சுவர், விளக்குக் கம்பம், வீட்டு வாசல். இதுவரை 250 பேருக்கு மேல் அந்தச் சாலையில் இறந்திருக்கிறார்கள். டன்லப்பின் மைத்துனரே 1980-இல் வட அயர்லாந்தில் ஒரு ரேஸில்தான் போனார். ஆபத்து தெரியாமல் ஓட்டிய ஆள் இல்லை.

ஆனாலும் 'குடும்பஸ்தர்' என்ற சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வட அயர்லாந்தில் பாலிமனி என்ற சிற்றூர்க்காரர். லாரி ஓட்டினார், கட்டட இரும்பு வேலைக்குப் போனார், அப்புறம்தான் மதுக்கடை. ஹோண்டா கம்பெனியே பைக் கொடுத்து ஓட்டவைத்த காலத்திலும் ஸ்பேனரை விடவில்லை. தன் பைக்குகளைத் தானே பிரித்து மாட்டினால்தான் அவருக்கு நிம்மதி. மைக்கை நீட்டினால் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். உங்கள் அப்பாவுக்கு இந்த ஆளைப் பிடித்திருக்கும்.

ருமேனியாவில் 1989 கடைசியில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபின், அங்கிருந்த அநாதை இல்லங்களின் கோலம் வெளியே தெரிந்தது. இரும்புக் கட்டில்களில் வரிசையாகக் கிடந்த குழந்தைகளை ஐரோப்பா முழுக்க டிவியில் பார்த்தார்கள். பலர் பணம் அனுப்பினார்கள். டன்லப் வேனில் சாப்பாட்டுச் சாமானும் துணிமணியும் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிக்கொண்டு போனார். வட அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி, கண்டத்தின் மறுகோடி வரை. பின்னர் போஸ்னியாவுக்கும் அல்பேனியாவுக்கும் இதே மாதிரி போனார். விளம்பரம் கிடையாது. 1986-இல் பிரிட்டிஷ் அரசு ரேஸுக்காக ஒரு விருது கொடுத்தது, 1996-இல் இந்த உதவிக்காக இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2000 ஜூன் மாதம் டிடியில் மூன்று பந்தயம் ஜெயித்தார். அதில் ஒன்று, 12 வருஷமாகக் கைக்கு வராத ஃபார்முலா ஒன் பந்தயம் (கார் இல்லை, அந்தப் பெயரில் டிடியில் நடக்கும் பைக் பந்தயம்). அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்தே இருந்திருக்காது. அடுத்த மாதமே எஸ்டோனியாவின் தாலினுக்குப் போனார். டிடியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லாத ரேஸ். ஜூலை 2 அன்று 750 சிசியிலும் 600 சிசியிலும் ஜெயித்துவிட்டு, மூன்றாவதாக 125 சிசியில் இறங்கினார். சாலை ஈரம். இந்த இடத்தில் மட்டும் நான் உங்கள் அப்பா கட்சி.

சுயநலம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. தம்பி ராபர்ட்டும் ரேஸ்காரர். 2008-இல் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 என்ற சாலை ரேஸின் பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். இரண்டே நாளில் அவர் மகன் மைக்கேல் அதே ரேஸில் இறங்கி ஜெயித்தார். இன்னொரு மகன் வில்லியம் 2018-இல் இறந்தார். பெரியப்பாவின் 26 வெற்றிச் சாதனையை 2024-இல் தாண்டியது அதே மைக்கேல்தான். அந்த வீட்டாருக்கு ரேஸ் என்பது அப்பா மட்டும் ஒளிந்து போய் ஆடிவிட்டு வருகிற சூதாட்டம் அல்ல. தெரிந்தே எல்லாரும் அதில் இருந்தார்கள். இதை வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு வயிறு கலங்குகிறது, அது வேறு.

அவர் இறுதிச் சடங்குக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள் என்கிறார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று முப்பது வருஷம் வெட்டி மடிந்த நாட்டில் இரண்டு பக்கமும் வந்து நின்றது. அந்த ஊர் அரசியல் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

ஒரு வேண்டுகோள். சோழவரம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1990-வாக்கில் ரேஸெல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அங்கே கூட்டத்தில் நின்று பார்த்தவர்கள் எழுதியது மிகக் குறைவு. உங்கள் அப்பா வீட்டுக்கு வந்து என்னென்ன கதை சொன்னார், யார் பைக்கைப் புகழ்ந்தார், அம்மா எதற்குத் திட்டினார்கள் என்று நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். வெட்டாமல் அப்படியே போடுகிறேன்.