‘ஸ்பெஷல் எடிஷன்’ வரும்வரை காத்திருக்கலாமா?
வாசகர் கேள்வி – பதில்

தார் ராக்ஸ் 4×4 டீசல் வாங்கப் பணம் தயாராக இருக்கிறது. மேட் பெயின்ட், பெரிய டயருடன் ஸ்பெஷல் எடிஷன் ஆகஸ்ட் 15-ல் வருகிறது என்கிறார்கள். செங்கல்பட்டு பக்கம் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் சுற்றிய வண்டியை நண்பர் பார்த்தாராம். காத்திருக்கட்டுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

செங்கல்பட்டு பக்கம் மூடிய வண்டி தென்படுவதில் அதிசயம் இல்லை. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் அங்கே வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. சோதனைத் தடம் செய்யாறு பக்கம். அந்த வட்டாரத்தில் ஆண்டு முழுக்க இப்படி வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எதை மூடியிருந்தார்கள் என்று நண்பரிடம் கேளுங்கள். முகப்பு, பின்புறம், டேஷ்போர்டு என எல்லாவற்றையும் மூடியிருந்தால் அது ஃபேஸ்லிஃப்ட் (தோற்றம் புதுப்பித்த மாடல்) அல்லது புது மாடல். பெயின்ட்டும் சீட் துணியும் மட்டும் மாறுகிற எடிஷனை யாரும் மாதக்கணக்கில் ரோட்டில் ஓட்டிச் சோதிப்பதில்லை. வண்டி மூடாமல் இருந்து, டயரும் வீல் ஆர்ச்சும் தரையிலிருந்து நிற்கும் உயரமும் மட்டும் வேறாக இருந்தால்தான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். ‘ஆன் டெஸ்ட் பை ஏ.ஆர்.ஏ.ஐ.’ என்ற ஸ்டிக்கர் இருந்தால், வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அந்த அமைப்பின் சான்றிதழ் சோதனை நடக்கிறது என்று பொருள். வெறும் சிவப்பு போர்டில் வெள்ளை எழுத்து என்றால் டிரேடு சர்டிஃபிகேட் (பதிவாகாத வண்டியை ஓட்டும் அனுமதி), அவ்வளவுதான். டீலர் யார்டுக்குப் போகிற வண்டியிலும் அதே போர்டு மாட்டுவார்கள்.

அடுத்தது ஆகஸ்ட் 15. அந்தத் தேதியில் மஹிந்திரா காட்டியவற்றைப் பாருங்கள்: 2020-ல் புதிய தார், 2023-ல் கேப் டவுனில் தார்.இ மற்றும் குளோபல் பிக்-அப் கான்செப்ட், 2024-ல் ராக்ஸ், 2025-ல் மும்பையில் விஷன் எஸ், டி, எக்ஸ், எஸ்எக்ஸ்டி என நான்கு கான்செப்ட். எல்லாமே புது வண்டி அல்லது கான்செப்ட். எடிஷன்கள் வந்த நாட்கள் வேறு: தார் எர்த் எடிஷன் 2024 பிப்ரவரி, ஸ்கார்ப்பியோ-என் கார்பன் எடிஷன் 2025 பிப்ரவரி, பழைய தாருக்கு விடைகொடுத்த தார் 700 எடிஷன் 2019 ஜூன். நிதியாண்டுக் கணக்கை முடிக்கும் நேரத்தில் கண்ணைப் பறிக்கும் நிறம் ஒன்று வரும்; மாடல் முடியப்போகிற நேரத்தில் எண்ணிட்ட ஸ்டிக்கர் வரும். ஆகஸ்ட் 15-ல் எடிஷன் வராது என்ற எங்கள் கணிப்புக்கு அடிப்படை இதுதான். 2025 ஆகஸ்ட் 14-ல் மஹிந்திராவின் மின்சார காரான பிஇ 6-க்கு வந்த பேட்மேன் எடிஷன் ஒரு விதிவிலக்கு. அதில் வேறொரு பாடம் இருக்கிறது: 300 வண்டிதான் என்று தொடங்கி 999 ஆக்கினார்கள். ‘லிமிடெட்’ என்று சொல்லும் எண் கல்வெட்டு அல்ல.

ராக்ஸ் 4×4-ல் பின் அச்சுக்கு எலக்ட்ரானிக் லாக்கிங் டிஃபரன்ஷியல் (லாக்கர்: இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டுவது) ஏற்கெனவே இருக்கிறது. காட்டுப் பாதையில் வண்டியை வெளியே எடுக்கும் பாகம் அது. எந்த எடிஷனும் அதற்கு மேல் பெரிதாகச் சேர்க்கப்போவதில்லை. பெரிய அலாய் வீலுக்காகக் காத்திருப்பதிலும் லாபம் இல்லை. 255/65 ஆர்18 டயரின் மொத்த விட்டம் சுமார் 789 மி.மீ.; உயர் வேரியன்ட்டில் வரும் 255/60 ஆர்19 டயருக்கும் அதே 789-தான். வண்டி ஒரு மி.மீ. கூட உயராது. டயரின் பக்கச் சுவர்தான் 166-லிருந்து 153 மி.மீ. ஆகக் குறையும். மணலிலும் பாறையிலும் காற்றை இறக்கி ஓட்டும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பக்கச் சுவர். 18 அங்குல வீல் உள்ள வேரியன்ட்டை எடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் வந்த சுசுகி ஜிம்னி ஹெரிடேஜ் எடிஷன் இந்தியாவுக்கு வருமா? எஸ்டேட்டுக்குள் ஓட்ட வேண்டும்.
– வாசகர், வால்பாறை

அங்கே 2023-ல் மூன்று கதவு ஜிம்னியில் 300 வண்டி, அடுத்த ஆண்டு ஐந்து கதவில் 500 வண்டி விட்டார்கள். சிவப்பு மட் ஃப்ளாப்பும் பழைய பாணி ஸ்டிக்கரும் தவிர இயந்திரத்தில் மாற்றம் எதுவும் இல்லை. ஐந்து கதவு ஜிம்னி இங்கே குருகிராமில் தயாராகி வெளிநாடு போகிற வண்டி. 2025 தொடக்கத்தில் ஜப்பானில் நோமேட் என்ற பெயரில் விட்டபோது சில நாட்களில் சுமார் 50,000 ஆர்டர் குவிந்து, புக்கிங்கையே நிறுத்த வேண்டி வந்தது. ஏற்றுமதி இப்படி இழுக்கும்போது உள்ளூரில் எடிஷன் விட்டு ஆசை காட்ட அவசரம் இருக்காது. 2023 டிசம்பரில் இங்கே வந்த தண்டர் எடிஷனைப் பெயர் மாற்றிய தள்ளுபடி என்றே சொல்லலாம். ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கிய வண்டி அப்போது 10.74 லட்சத்தில் தொடங்கியது. கூடவே ஸ்கிட் பிளேட் அலங்காரம், கதவு கிளாடிங் (பாதுகாப்புப் பட்டை), தரை மேட்.

எஸ்டேட் சேற்றுக்கு மட் ஃப்ளாப் நிறம் உதவாது. ஜிம்னியில் மெக்கானிக்கல் லாக்கர் கிடையாது. சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும் முறைதான். அது வேலை செய்யச் சக்கரம் கொஞ்சம் சுழன்றாக வேண்டும். ஈரச் செம்மண்ணில் அந்தச் சுழற்சியே பள்ளம் தோண்டிவிடும். அதனால் காசை டயரில் போடுங்கள். 195/80 ஆர்15 அளவிலேயே நல்ல ஏ.டி. (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர் போதும். 235/75 ஆர்15 போடச் சொல்வார்கள். விட்டம் 693-லிருந்து 733 மி.மீ. ஆகும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் சுமார் 85. 105 பிஎஸ் இன்ஜின் ஏற்றத்தில் திணறும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசும். இன்னொன்று: காய்ந்த தார் ரோட்டில் 4 எச்-ல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதால் வளைவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) இறுகி, லிவரே நகர மறுக்கும்.

செகண்ட் ஹேண்டில் தார் எர்த் எடிஷன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சாதாரண தாரைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். நியாயமா?
– வாசகர், திருநெல்வேலி

புதிதில் அது தாரின் உயர் வேரியன்ட்டான எல்எக்ஸ் 4×4 ஹார்டு டாப்பைவிட ஏறத்தாழ 40,000 ரூபாய்தான் அதிகம். இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் எல்எக்ஸ்தான். பழைய வண்டியில் அந்த 40,000-க்கு மேல் வித்தியாசம் கொடுக்க வேண்டாம்.

முதலில் அசல்தானா என்று பாருங்கள். எர்த் எடிஷனின் நிறம் ‘டெசர்ட் ஃப்யூரி’ என்ற சாட்டின் மேட். ஆர்சியில் வேறு நிறம் இருந்தால் மேலே ஒட்டியிருப்பது ஃபிலிம். கதவைத் திறந்து கீல் இருக்கும் உட்பக்கத்தில் நகத்தால் வருடுங்கள். ஃபிலிம் என்றால் ஓரம் தட்டுப்படும், தொழிற்சாலை பெயின்ட் என்றால் அதே நிறம் கதவுச் சட்டம்வரை ஓடும். ஒவ்வொரு வண்டிக்கும் வரிசை எண் பொறித்த அலங்காரத் தகடு உண்டு. அது கழன்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிறகு ஒவ்வொரு பேனலையும் வெயிலில் சாய்வாகப் பாருங்கள். எங்காவது பளபளப்பான திட்டு தெரிந்தால் யாரோ பாலிஷ் போட்டுவிட்டார்கள். சாதாரண பெயின்ட்டில் கீறலை காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துவிடலாம். மேட் பெயின்ட்டில் மேற்பரப்பின் சொரசொரப்புதான் அந்தத் தோற்றமே. தேய்த்தால் அது மழுங்கிப் பளபளக்கும், திரும்ப வராது. ஒரு கீறலுக்கு முழு பேனலையும் அடிக்க வேண்டும். அப்போதும் பளபளப்பைக் குறைக்கும் மேட் ஏஜென்ட் கலக்கும் அளவும் உலர்த்தும் விதமும் சற்றே மாறினால் பக்கத்து பேனலோடு ஒட்டாது. வாங்கினால் வேக்ஸ், பிரஷ் சுழலும் கார் வாஷ், பாலிஷ் கலந்த ஷாம்பு மூன்றும் ஆகாது. பறவை எச்சத்தின் மேல் ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுங்கள்; தேய்க்காதீர்கள். டீசல் நிரப்பும்போது சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். சாதாரண பாலிசியில் பெயின்ட் பொருளுக்குப் பாதிதான் கிடைக்கும் என்பதால், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) இல்லாமல் மேட் வண்டி வைத்திருப்பது வீண் செலவு.

எடிஷன் வரட்டும், வராமல் போகட்டும். 2021 தாருக்கு நானே ஸ்னார்கெல் (இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் உயரக் குழாய்), புல் பார் (முகப்பு இரும்புக் கம்பி), எல்.இ.டி. பார் மாட்டி அதே தோற்றத்துக்குக் கொண்டுவந்தால் என்ன?
– வாசகர், தேனி

புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. மோதலில் ஏர்பேக் சென்சாருக்குப் போக வேண்டிய அதிர்வை அது மாற்றிவிடுகிறது. நடந்து போகிறவருக்கும் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சான்று பெற்ற அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறைக்கும் இடமுண்டு. ஃபோர்ஸ் கூர்க்காவில் ஸ்னார்கெல் இருக்கிறதே என்பார்கள். அது தொழிற்சாலையிலிருந்தே சான்றோடு வருவது; முன், பின் இரண்டு அச்சுக்கும் லாக்கரும் அப்படியே. எடிஷன் என்ற பெயரே இல்லாமல், எடிஷனில் எதிர்பார்ப்பது அத்தனையும் அந்த வண்டியில் இருக்கிறது.

வெளியில் மாட்டும் ஸ்னார்கெலில் இன்னொரு கோளாறு. குழாய் மேலே போய்விடும். ஆனால் அது ஏர் பாக்ஸோடு (ஏர் ஃபில்டர் உள்ள பெட்டி) சேரும் இணைப்பிலும், ஏர் பாக்ஸின் அடியில் உள்ள வடிகால் துளையிலும் சீல் இருக்காது. தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசியில் இதற்குப் பணம் வராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திருக்க வேண்டும், மாற்றம் செய்த வண்டி என்றால் அதற்கும் வாதம் வரும்.

தாருக்குக் கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மி.மீ. அதற்குள் இறங்குவதென்றாலும் அச்சுகளுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயைக் கவனியுங்கள். ஓடிச் சூடான அச்சு சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆற்றைத் தாண்டிய மறுநாள் டிஃபரன்ஷியலின் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஓட்டாதீர்கள். மாற்றிவிட்டு, 100 கி.மீ. கழித்து மறுபடி பாருங்கள்.

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்-அப்பின் பிளாக் எடிஷன் எடுக்கலாமா, புது ஹைலக்ஸ் வரட்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பிளாக் எடிஷன் 2025 மார்ச்சில் 37.90 லட்சத்தில் வந்தது; உயர் ஆட்டோமேட்டிக் வேரியன்ட்டின் அதே விலை. கறுப்புக்குக் கூடுதல் பணம் இல்லை, அதனால் குறையும் இல்லை. புதிய தலைமுறை 2025 நவம்பரில் பாங்காக்கில் வெளியானது. அதிலும் 2.8 டீசல்தான் தொடர்கிறது. ஸ்டியரிங் எலக்ட்ரிக் ஆகியிருக்கிறது, உள்ளறை மாறியிருக்கிறது. தேங்காய் ஏற்றவும் தோட்டத்துக்குப் போகவும் என்றால், பழையதற்கு நல்ல தள்ளுபடி கிடைக்கும் மாதத்தில் எடுங்கள். காலியாக ஓடும்போது பின்பக்கம் தூக்கிப்போடும். லீஃப் ஸ்பிரிங் அப்படித்தான். பாரம் இருக்கும்போதும் இல்லாதபோதும் எவ்வளவு காற்று என்று கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கும். அதைப் பின்பற்றினாலே பாதிப் புகார் தீரும்.

ஜீப் ராங்ளர் வில்லிஸ் 41 எடிஷன் இந்தியாவுக்கு 30 வண்டிதான் என்றார்களே, முதலீடாக வாங்கலாமா?
– வாசகர், சென்னை

முதலீட்டுக்கு வேறு இடம் பாருங்கள். 2025-ல் வந்தபோது ராங்ளரின் உயர் வேரியன்ட்டான ரூபிகானைவிட சுமார் ஒன்றரை லட்சம் அதிகம். முன், பின் லாக்கர் எல்லாம் ரூபிகானிலேயே இருப்பவை. எடிஷன் தருவது பச்சை நிறம், 1941 ஸ்டிக்கர், பவர் சைடு ஸ்டெப் போன்றவை. அப்போது 4.56 லட்சத்துக்குத் தனி அக்சஸரி பேக்கும் இருந்தது. மோட்டாரில் மடங்கும் அந்த சைடு ஸ்டெப்பைச் சேற்றில் ஓட்டுகிறவர் கேட்க மாட்டார். கீலில் மண் இறுகினால் உள்ளே மடங்காது.

எடிஷன் விலையில் வரி எப்படி விளையாடுகிறது? ஷோரூமில் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், மதுரை

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால் ஜிஎஸ்டி 18%, மற்றவற்றுக்கு 40%. 1.5 டீசல் ரியர் வீல் டிரைவ் தார் 18%-ல் வரும், 2.0, 2.2 இன்ஜின் 4×4 தார் 40%. ஜிம்னி நீளத்தில் தேறினாலும் 1462 சிசி பெட்ரோல் என்பதால் 40%-தான். இதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி: 10 முதல் 20 லட்சம்வரை 18%, 20 லட்சத்தைத் தாண்டினால் முழு விலைக்கும் 20%. 19.90 லட்சத்துக்கு 3.58 லட்சம் வரி. எடிஷன் என்று 50,000 கூடி 20.40 லட்சம் ஆனால் வரி 4.08 லட்சம். ஸ்டிக்கரின் விலை 50,000, அது இழுத்துவந்த வரி இன்னொரு 50,000.

அடக்கம் 50,000 ரூபாயுள்ள அலங்காரப் பொருட்கள் தொழிற்சாலையில் பொருத்தி வந்தால் 40% ஜிஎஸ்டி சேர்ந்து 70,000; ஆயுள் வரி 18% போட்டால் 82,600. அதே பொருட்களைப் பிறகு தனி பில்லில் வாங்கினால் 18% ஜிஎஸ்டியோடு 59,000. எனவே தரை மேட், கிளாடிங், சீட் கவர், ஸ்டிக்கர் தனி பில்லில் வரட்டும். லாக்கர், டயர், சஸ்பென்ஷன், ஸ்னார்கெல் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வரட்டும்.

ஷோரூமில் கேட்க வேண்டியது: புரோஃபார்மா இன்வாய்ஸில் (விற்பனைக்கு முன் தரும் விலைச் சீட்டு) எடிஷனின் பெயர் முழு வேரியன்ட் பெயரோடு இருக்கிறதா, அக்சஸரி ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார்களா, டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறதா என எழுத்தில் தருவார்களா. டீலர் மாட்டிய பொருட்களைப் பாலிசியில் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் மோதலில் அவை கணக்கில் வராது. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரித் தாக்கலில் திரும்பப் பெறுங்கள்.