கடலுக்குப் போகாத நாளில் மட்டும் குளியல்

கேள்வி: எனக்கு வயது 31. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். எங்கள் ஆலயப் பங்கிலிருந்து ஐந்து பேர் மே மாதம் இத்தாலிக்கு இறைப்பணிக்குப் போகிறோம். கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இரண்டு மாதச் சேவை. செலவில் பாதியைப் பங்கு மக்கள் தருகிறார்கள். முதியோரைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, ஊட்டிவிட எல்லாம் பயிற்சி எடுத்துவிட்டேன். என் மனைவிதான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவும் மனைவியும் சாப்பாடு கொடுக்கிறார்கள். குளிப்பாட்ட, பக்கத்து வீட்டுப் பையன் கடலுக்குப் போகாத நாட்களில் வருவான். போர்ச்சுகலில் பிறந்த ஓரியூர் புனிதர் அருளானந்தரும் தாயை விட்டுவிட்டுத்தானே நம் மண்ணுக்கு வந்தார்? என் மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, ஊழியத்துக்கு வீடு தடையாக நிற்கிறது என்று எழுதுகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. பெரும்பாலும் தடை என்று அவர்கள் சொல்வது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்திலும் அப்படியே. அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பையனிடம் வருகிறேன்.

"கடலுக்குப் போகாத நாட்களில் வருவான்." போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. அப்படியென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு அவன் ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்து, மீனை இறக்கி, தூங்கப் போகிற நாட்கள். முழுசாக ஓய்வு என்று பார்த்தால் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். உங்கள் அப்பா எந்தெந்தக் கிழமையில் குளிக்கிறார், சொல்லுங்கள் பார்ப்போம். உங்கள் கடற்கரை வெக்கையே ஆளைப் பிசுபிசுக்க வைக்கும். ஒரு பக்கம் விழுந்து, புரண்டு படுக்க முடியாத மனிதருக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும் முதுகிலும் வேர்வை நின்றால் என்ன ஆகும் என்று உங்கள் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்களே. இடுக்குகளில் தோல் வெந்து புண்ணாகும், முதுகில் படுக்கைப் புண்ணுக்கும் அது வழி விடும்.

நீங்கள் கிளம்புவது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பையன் ஊரில்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களா? தடைக்காலத்தில் பிழைப்புக்குக் கேரளா போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடை முடிந்து படகு இறங்கிவிட்டால், கடலுக்குப் போனவன் மறுநாள் திரும்புவான் என்பதற்கும் உங்கள் கரையில் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும். அவனுக்கு மாதம் ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இரண்டு மாதம் பார்த்துக்கொள்வாயா என்று அவனிடம் கேட்டதாகவும் இல்லை.

நீங்கள் குளிப்பாட்டியதாக ஒரு வரிகூட இல்லை. கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். குளிப்பாட்டத் தெரியாது என்று சொல்ல வழியில்லை, பயிற்சி முடித்தவர் நீங்கள். யாரை வைத்துப் பழகினீர்கள்? பங்கு மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்த இன்னொரு இளைஞரையா?

இத்தாலியில் கிட்டத்தட்ட நாலு பேரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். அங்கே கை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் முதியோரைக் குளிப்பாட்டித் துடைக்கும் வேலைக்கென்றே அந்த நாட்டில் தனிப் படிப்பும் சான்றிதழும் உண்டு. பாஷை தெரியாமல் இரண்டு மாதத்துக்கு வந்த ஆளிடம் அதை ஒப்படைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சக்கர நாற்காலி தள்ளுவீர்கள், சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைப்பீர்கள், பாட்டுப் பாடுவீர்கள். மறதி நோய் வந்த ஒரு பாட்டி உங்கள் கையைப் பிடித்து ஏதோ சொல்வார், உங்களுக்குப் புரியாது. பக்கவாதத்தில் நாக்குக் குழறினாலும் உங்கள் அப்பா சொல்வது உங்களுக்குப் புரியும்.

அருளானந்தரை இழுத்தீர்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி, பிள்ளை இல்லாத துறவி. ரிட்டர்ன் டிக்கெட்டோடு வரவில்லை. நடுவில் ஒருமுறை லிஸ்பன் போனபோது அங்கேயே தங்கச் சொல்லியும் கேட்காமல் மறவர் சீமைக்கே திரும்பினார். 1693-ல் ஓரியூரில் தலையைக் கொடுத்தார். ஜூலையில் ஊர் திரும்பி ஆலய அறிவிப்புப் பலகையில் புகைப்படம் ஒட்டப்போகிற நீங்கள் அவரைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. வேதம்தான் வேண்டும் என்றால் மாற்கு ஏழாம் அதிகாரம் எடுங்கள். பெற்றவருக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று கைவிரித்தவர்களை இயேசு என்ன பாடு படுத்துகிறார் என்று பாருங்கள்.

மகன் கைகால் சுகமாக இருக்கையில் அப்பாவைக் குளிப்பாட்டுவது அவன் வேலை. பக்கத்து வீட்டுப் பையன் உதவிக்கு வரலாம், பொறுப்பு அவனுடையது ஆகாது. மருமகள் தலையிலும் கட்டக் கூடாது. மாமனாரைக் குளிப்பாட்டுவதில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கூச்சம் இருக்கும், அவருக்கு அதைவிட எவ்வளவு இருக்கும்! பழைய காலத்து ஆள் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் பஸ் ஏறும் முன் அரை மணி நேரம் போதும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீர். சூடு சரியா என்று உங்கள் கையாலோ அவருடைய இடது கையாலோ பாருங்கள். விழுந்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு விலகிவிடும். சட்டை போடும்போது வலது கையை முதலில் விடுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். இடுக்குகளை ஈரம் போகத் துடைத்துவிட்டு, முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் யாரும் விசாரித்த மாதிரித் தெரியவில்லை.

மனைவிக்குப் புரியவைக்க வழி கேட்டீர்கள். அவர் சொல்வதுதான் சரி. புரியவைக்க அங்கே ஒன்றும் இல்லை. உங்கள் சீட்டுக்கு வேறொருவர் போவதென்றால் விசாவுக்கு நாள் பிடிக்கும். அதனால் வருகிற ஞாயிறு பூசை முடிந்ததுமே பங்குத்தந்தையைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பங்கு மக்கள் உங்கள் பேரில் கொடுத்த பணத்தையும் அன்றைக்கே கணக்கோடு ஒப்படையுங்கள், கணக்கர்தானே நீங்கள்.