பயணக் கேள்வி-பதில்: லடாக்கில் முதலில் நுப்ரா, பிறகுதான் பாங்கொங்

ஓகஸ்ட் விடுமுறைக்கு இந்தியாவின் வடக்கு எல்லையில் இருக்கும் லடாக் போக நினைக்கும் திருகோணமலை வாசகர்களின் கேள்விகள் இம்முறை.

டில்லியிலிருந்து விமானத்தில் லே போய் 6 நாள் நிற்கிறோம். முகவர் தந்த திட்டத்தில் 2ஆம் நாளே பாங்கொங் ஏரியில் இரவு. சரிவருமா? (உப்புவெளி)

சரிவராது. மாற்றித் தரச் சொல்லுங்கள். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரம். அங்கே காற்றில் ஒட்சிசனின் வீதம் குறைவதில்லை, காற்றழுத்தம்தான் குறைகிறது. அதனால் ஒரு மூச்சில் கிடைப்பது இங்கே கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழகக் குறைந்தது இரண்டு இரவாவது லேயில் படுக்க வேண்டும்.

பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். நித்திரையில் மூச்சு மெதுவாகி, இரத்தத்தில் ஒட்சிசன் இன்னும் இறங்கும். பாங்கொங் கரை ஏறத்தாழ 4,250 மீற்றர். நடு இரவில் யாருக்காவது உயரத்தால் வரும் நோய் கடுமையானால் லே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அந்தப் பாதையோ 5,300 மீற்றரைத் தாண்டும் சாங் லா கணவாயில் ஏறி இறங்குகிறது. கீழே இறக்க வேண்டிய நோயாளியை முதலில் மேலே ஏற்ற வேண்டிய நிலை.

நுப்ரா பள்ளத்தாக்கு அப்படியல்ல. போகும் வழியில் கர்துங் லா கணவாய் உயரமானதுதான், ஆனால் படுக்கும் இடங்களான டிஸ்கிட்டும் ஹுண்டரும் லேயைவிடத் தாழ்வு. ஆகவே திட்டம் இப்படி இருக்கட்டும்: முதல் நாள் அறையிலேயே ஓய்வு, மாடிப்படி ஏறுவதுகூட மெதுவாக. 2ஆம் நாள் நிம்மு பக்கம் போய் சிந்து நதியும் சன்ஸ்கார் ஆறும் கலக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம், அது லேயைவிட உயரமில்லை. 3ஆம் நாள் நுப்ரா. ஹுண்டரில் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் உண்டு, மாலை வெயில் சாயும்போது போங்கள். 4ஆம் நாள் இரவு பாங்கொங், 5ஆம் நாள் லே, 6ஆம் நாள் விமானம். ஒரு நாள் கூட்ட முடிந்தால் அதை நுப்ராவில் கூட்டுங்கள். எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருந்தால் மட்டும் ஏரிக்கரையில் இரவு.

நுப்ராவிலிருந்து ஷியோக் ஆற்றோரமாகப் பாங்கொங் போகும் பாதையில் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகிப் பிற்பகலில் ஓடைகள் பெருகும், பாதை வெட்டுப்படும். லே விமானங்களும் பெரும்பாலும் காலையில்தான், காலநிலை கெட்டால் ரத்தாகும். கொழும்பு விமானத்தை அதே நாளில் போடாமல் டில்லியில் ஒரு இரவு விட்டு வையுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது, பிரஷர் இருக்கிறது. டயமொக்ஸ் குளிசை போட்டால் போதுமா? (நிலாவெளி)

போதாது. அது உயரத்துக்கு உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும், ஓய்வுக்குப் பதிலாகாது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கி மேலே போய் இரண்டு நாள் வரை. விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. அம்மா பிரஷருக்கு நீர்க்குளிசை எடுத்தால் அதையும் டொக்டரிடம் சொல்லியே முடிவெடுங்கள்.

தலையிடி மட்டும் என்றால் பனடோல், தண்ணீர், ஓய்வு. அன்று மேலே போக வேண்டாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால் நுரையீரலில் நீர் கட்டுகிறது. குதிகாலைப் பெருவிரலோடு தொட்டுத் தொட்டு நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இரண்டிலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒட்சிசன் கொடுத்துக்கொண்டே உடனே வைத்தியசாலைக்கும் தாழ்ந்த இடத்துக்கும் கொண்டு போங்கள். வாகனத்தில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா என்பதோடு, அது நிரம்பியிருக்கிறதா என்றும் புறப்படும் முன் அளவுமானி முள்ளைப் பாருங்கள்.

எல்லைப் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டுமாமே? போன் வேலை செய்யுமா? (மூதூர்)

லே நகருக்கு இந்திய விசா போதும். நுப்ரா, பாங்கொங், சோ மொரிரி ஏரி போன்ற இடங்களுக்கு வெளிநாட்டவர் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி எடுக்க வேண்டும். தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது, பதிவுபெற்ற பயண முகவர் ஊடாகவே நடக்கும். சில நாட்டவருக்கு டில்லி உள்துறை அமைச்சின் முன்அனுமதியும் கேட்பார்கள். ஆகவே விமானச்சீட்டு வாங்க முன்பே கடவுச்சீட்டுப் பிரதியை லே முகவருக்கு அனுப்பி, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன நடைமுறை என்று எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கிடைத்ததும் ஆறேழு பிரதி எடுத்துச் சாரதியிடம் கொடுங்கள், சோதனைச் சாவடிக்குச் சாவடி ஒன்று கேட்பார்கள்.

டில்லியில் வாங்கும் முன்கட்டண சிம் லடாக்கில் செத்துவிடும், பின்கட்டண சிம்தான் எடுபடும். விடுதி வைபையை நம்புங்கள். செய்மதித் தொலைபேசி கொண்டு போகவே வேண்டாம், அனுமதியில்லாமல் வைத்திருந்தால் கைதுதான். பாலம், இராணுவ வாகனம், சாவடி எதையும் படம் எடுக்காதீர்கள். நம் ஊரில் கடற்படைத் தள வாசலில் நாம் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி.

என்ன உடுப்பு? (தம்பலகாமம்)

ஒரு மொத்த ஜக்கெற்றைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது. லேயில் பகலில் 25 பாகை வரை சுடும், பாங்கொங் இரவில் 5க்கும் கீழே போகலாம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குப் பூச ஏதாவது கட்டாயம். உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை, குளிர்காற்று அடிப்பதால் தோல் கருகுவது தெரியாது. ஷம்பூ போத்தலை நிறைத்துக் கொண்டு போகாதீர்கள், மூடியைத் திறந்ததும் பாதி கையில் வழியும். தண்ணீர் அங்கே 88 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பிரஷர் குக்கர் இல்லாத இடத்தில் சோறு வேகாது.

கர்துங் லாதான் உலகின் மிக உயரமான வாகனப் பாதையா? (திருகோணமலை நகர்)

இல்லை. பலகையில் நெடுங்காலம் 18,380 அடி என்று எழுதியிருந்தது, அளந்தால் 17,582 அடிதான். லடாக்கிலேயே உம்லிங் லா கணவாய் அதைவிட உயரம். பலகைக்கு முன் படம் எடுத்துவிட்டுக் கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

அங்கே நம் கன்னியா போல வெந்நீரூற்று உண்டா? (கன்னியா)

நுப்ராவில் பனமிக். ஹுண்டர் வழியில் வராது. நுப்ரா ஆற்றுப் பக்கம் பிரிந்து போக வேண்டும், அதனால் அனுமதிப் பட்டியலில் அந்தப் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கந்தகம் கலந்த தண்ணீர். சில நிமிடத்துக்கு மேல் இறங்கி நிற்க வேண்டாம். சூட்டில் இரத்தக்குழாய் விரியும், எழும்பும்போது அந்த உயரத்தில் தலை சுற்றிவிடும்.