பிக்ஸட் கியர் சைக்கிள் கட்டப் போகிறீர்களா? பின்சில்லிலிருந்து தொடங்குங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் கூடுதலானவை பிக்ஸட் கியர் சைக்கிளைப் பற்றியவை. மிதிப்பை நிறுத்தினாலும் சில்லைச் சும்மா சுற்றவிடும் பிறீவீல் இல்லாமல், பெடலும் பின்சில்லும் எந்நேரமும் சேர்ந்தே சுற்றும் சைக்கிள் அது. எழுதியவர்கள் எல்லோரும் பாகம் பாகமாகச் சேர்த்துத் தாங்களே கட்ட நினைப்பவர்கள். அதனால் பதில்களையும் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி (கோப்பாய்): அப்பப்பாவின் பழைய றலி சைக்கிள் வீட்டில் நிற்கிறது. அதைப் பிக்ஸட் கியராக மாற்றலாமா? தெரிந்த கடைக்காரர் பிறீவீலை வெல்ட் பண்ணித் தரலாம் என்கிறார். பிறேக்கையும் கழற்றிவிட்டால் வடிவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் அந்த வெல்டிங் கதையை விட்டுவிடுங்கள். பிறீவீல், சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் மரையால்தான் ஏறியிருக்கிறது. முன்னுக்கு மிதிக்க மிதிக்க இறுகும், பின்னுக்கு மிதித்தால் உள்ளே சும்மா சுற்றும், அதனால் சாதாரண சைக்கிளில் அது கழன்று வர வழியே இல்லை. வெல்ட் பண்ணிவிட்டால் அந்தச் சும்மா சுற்றல் போய்விடும். பிறகு வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்துப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்களே அதைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் மினிபஸ் ஒன்று முன்னால் சட்டென்று நிற்கும்போது, நீங்கள் பலமாகப் பிடிக்க, அது கழன்று சுற்றத் தொடங்கும். அந்த நேரம் பிறேக்கும் இல்லை என்றால் நிறுத்த ஒரு வழியும் இல்லை.

இதற்கென்றே செய்த ஹப்பில் இரண்டு மரை இருக்கும். உள்ளே இருப்பது பல்லு, அதாவது செயின் ஓடும் பின் பற்சில்லு, ஏறும் வழமையான மரை. அதற்கு வெளியே, கொஞ்சம் சிறிய விட்டத்தில், எதிர்ப்பக்கமாக வெட்டிய மரை ஒன்று இருக்கும், அதில் பல்லைக் கழலாமல் பிடிக்கும் லொக்றிங் என்ற வளையம் ஏறும். பல்லு கழலப் பார்த்தால் அதே திசையில் லொக்றிங்கையும் தள்ளும், லொக்றிங்குக்கு அது இறுகும் திசை. இந்த ஹப்பையே வாங்குங்கள். மற்ற எந்தப் பாகத்தில் காசு மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

இனி றலி. அது கம்பி பிறேக், அதாவது கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிறேக், உள்ள சைக்கிள் என்றால், பிறேக் கட்டை றிம்மின் உள்பக்கத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தைத்தான் போய்ப் பிடிக்கும். அந்த றிம்மின் இரண்டு பக்கமும் உருண்டையாக இருப்பதால் கேபிள் பிறேக் அதில் சரியாகப் பிடிக்காது. சில்லை மாற்றலாம் என்றால், 28 அங்குலச் சில்லின் ரயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீற்றர், இப்போதைய 700சி சில்லில் 622. கட்டை ஆறரை மில்லிமீற்றர் கீழே இறங்க வேண்டும். போதாததற்கு, பழைய நொட்டிங்ஹாம் றலிகளில் பெடல் சுற்றும் நடு அச்சைப் பிடிக்கும் கப்பின் மரை அங்குலத்துக்கு 26, மற்ற ஆங்கிலச் சைக்கிள்களில் 24. புதுச் சாமானை முறுக்கினால் பிறேமின் மரை பழுதாகிவிடும். பெடலைத் தாங்கும் கிராங் வேறு கொட்டர் பின் என்ற ஆப்பில் நிற்பது.

இதையெல்லாம் தாண்டி மாற்ற முடியாதா என்றால் முடியும், ஆனால் மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1990களில் பெற்றோலும் டீசலும் வராமல் மறித்திருந்த காலத்தில் இந்த யாழ்ப்பாணக் குடாநாடே இப்படியான சைக்கிள்களில்தான் ஓடியது. நோயாளியும் விறகும் தண்ணீர்க் கலனும் கரியரில் போயின, சில்லைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். அந்தச் சாமான்கள் எல்லாம் அப்படியே இருக்கிற ஒரு றலியை வெட்டிப் பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியாது. அதற்குப் பேரிங் போல்ஸ் மாற்றி, கிறீஸ் போட்டு, அப்பப்பாவின் சைக்கிளாகவே ஓடுங்கள். பிக்ஸட் கியருக்கு வேறு பிறேம் பாருங்கள்.

பிறேக்கைக் கழற்றுவது பற்றி: முன் பிறேக் கட்டாயம் இருக்க வேண்டும். சைக்கிளை நிறுத்தும்போது பாரம் முன்னுக்குத் தள்ளப்படும், பின்சில்லு ரோட்டைப் பிடிக்கும் பிடி குறைந்துவிடும். எவ்வளவு கால்பலம் இருந்தாலும் பின்சில்லை மட்டும் நம்பி நிறுத்தினால், நல்ல முன் பிறேக்கால் நிற்கும் தூரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் ஓடித்தான் நிற்பீர்கள். செயின் கழன்றால் அதுவும் இல்லை. ஓட்டப் போட்டித் திடலில் பிறேக் இல்லாமல் ஓடுகிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே யாரும் வருவதில்லை. இங்கே ஒழுங்கை முடக்கில் மதிலுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று யாருக்குத் தெரியும்? மாடு வரலாம், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை வரலாம். ஒரு கேபிள், ஒரு லீவர், ஒரு சின்னப் பிறேக், இதனால் வடிவு ஒன்றும் கெடாது.

கேள்வி (சாவகச்சேரி): அப்படியென்றால் எந்தப் பிறேம் நல்லது? எதை முதலில் வாங்க வேண்டும்?

பதில்: பின் அச்சு உட்காரும் இடத்தைப் பாருங்கள். அது கிடையாக நீண்ட வெட்டாக இருக்க வேண்டும். செயினை இழுத்து இறுக்கம் வைக்க வேறு வழி இல்லை, சில்லைப் பின்னுக்கு நகர்த்தித்தான் வைக்க வேண்டும். கியர் மாற்றும் புதுச் சைக்கிள்களில் வெட்டு நேரே கீழ்நோக்கி இருக்கும், அவை சரிவராது. சாதாரண ஒற்றைக் கியர் லுமாலா பிறேமில் இந்த வெட்டு இருக்கிறது. பாரம்தான், ஆனாலும் உறுதி. பாவித்த ஜப்பான் சைக்கிள்கள் வந்து விற்கும் இடங்களில் தேடினால் மெல்லிய குழாயுள்ள பழைய ரேசிங் பிறேமும் சில நேரம் கிடைக்கும். ஜப்பான் சைக்கிள் சில்லில் 27 அங்குலம் என்று போட்டிருந்தால் விட்டம் 630, அதற்கு 622 ரயர் ஏறாது. ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் மூன்று இலக்க எண்ணை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

முதலில் பின்சில்லை வாங்குங்கள். பிக்ஸட் ஹப்பின் அகலம் வழமையாக 120 மில்லிமீற்றர், உங்கள் பிறேமின் பின் இடைவெளியை அளந்து பார்த்தால் பொருந்துமா என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் மரையுள்ள ஹப் கிடைத்தால் எடுங்கள். ஒரு பக்கம் பிக்ஸட் பல்லு, மறுபக்கம் பிறீவீல் போடலாம். பழகும் வரைக்கும், முழங்கால் நோகும் நாளுக்கும், சில்லைத் திருப்பிப் போட்டுச் சாதாரணமாக ஓடலாம். டூர் த பிரான்ஸ் போட்டியில் 1937 வரைக்கும் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி இல்லை. மலை வந்தால் ஓட்டக்காரர்கள் இறங்கிச் சில்லைத் திருப்பித்தான் பல்லு மாற்றினார்கள்.

பிறகு செயின். இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒற்றைக் கியர் செயின் 1/8 அங்குல அகலம், பல்லையும் செயின்வீலையும் அதே அளவில் எடுத்தால் செயின் அறுந்தாலும் ஊரிலேயே மாற்றலாம். முன் செயின்வீலும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இரண்டும் பிறேமின் நடுவிலிருந்து ஏறத்தாழ 42 மில்லிமீற்றரில் வந்தால் நல்லது. கோணலாக நின்றால் சத்தம் வரும், ஒரு நாள் கழன்றும் விழும். கிராங் 165 மில்லிமீற்றர் போதும். முடக்கில் சாய்ந்து திரும்பும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும், நீளமான கிராங் ரோட்டில் இடித்துவிடும்.

கேள்வி (திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி): எத்தனை பல்லு போட வேண்டும்? சிலர் 48க்கு 16 என்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, நம் ஊரில் ஏற்றம் இல்லை, காற்றுத்தான் ஏற்றம். சோளகம் வீசும் மாதங்களில் வல்லை வெளியில் எதிர்க்காற்றில் ஒருமுறை மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்னுக்கு 48, பின்னுக்கு 16 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றச் சில்லு மூன்று சுற்று, ஏறத்தாழ 6.4 மீற்றர் போவீர்கள். வேகம் வரும், ஆனால் புறப்படவும் பாரம், காலால் அடக்கவும் பாரம். நான் சொல்வது முன்னுக்கு 44, பின்னுக்கு 17. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.5 மீற்றர். மணிக்கு 20 கிலோமீற்றரில் நிமிடத்துக்கு 60 சுற்று வரும், 25இல் 75, இரண்டுமே வளாகத்துக்குப் போய்வர இதமான மிதிப்பு. இரண்டு பக்க ஹப் என்றால் மறுபக்கத்தில் 18 பல்லுப் பிறீவீல் போடுங்கள். ஒரு பல்லு வித்தியாசத்துக்குச் சில்லு மூன்று மில்லிமீற்றர் அளவுதான் நகரும், அதே செயின் போதும்.

ரயர் தேய்மானத்துக்கும் இந்தக் கணக்கு உதவும். பெடலைக் காலால் மறித்துப் பின்சில்லு சுற்றாமல் இழுபட நிறுத்துகிறவர்களுக்குக் கால் எப்போதும் ஒரே நிலையில் வரும். 48க்கு 16ஐச் சுருக்கினால் 3க்கு 1, அதனால் ரயர் ஒரே இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் உரசும், கெதியில் ரயரின் நூல் தெரியும். 44க்கு 17 சுருங்காது, தேய்மானம் 17 இடங்களில் பிரிந்துவிடும்.

கேள்வி (மானிப்பாய்): தோற்றத்துக்கு என்ன செய்யலாம்? நிறமுள்ள, பக்கம் உயர்ந்த றிம்மும் நீட்டு ஹாண்டிலும் போட ஆசை.

பதில்: பக்கம் உயர்ந்த றிம் வேண்டாம். பண்ணைப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது உயரமான றிம் அதைப் பாய் மாதிரி வாங்கிக்கொள்ளும், முன்சில்லு கையை மீறி இழுக்கும். சாதாரண வெள்ளி நிற றிம்மும் 32 கம்பியும் எடுங்கள். ஒன்று உடைந்தால் ஊர்க் கடையில் பூட்டலாம், பார்க்கவும் அதுதான் வடிவு என்பது என் எண்ணம். மேல் குழாய் நிலத்துக்குக் கிடையாக நிற்கும் பிறேம், ஒரே ஒரு நிறம், கிறவல் ரோட்டையும் தாங்கும் 32 மில்லிமீற்றர் ரயர், இவ்வளவும் அமைந்துவிட்டால் வேறு அலங்காரம் தேவைப்படாது.

ஹாண்டில் உங்கள் பாவனையைப் பொறுத்தது. போட்டித்திடலுக்கான வளைந்த ஹாண்டிலில் மேலே பிடிக்க வசதி குறைவு, நகரத்துக்குள் தலை நிமிர்ந்து பார்ப்பதும் கஷ்டம். காளைக்கொம்பு மாதிரி முன்னுக்கு நீளும் ஹாண்டில் எதிர்க்காற்றில் குனியவும் உதவும், கஸ்தூரியார் வீதி நெரிசலில் நிமிரவும் விடும். தோள் அகலத்துக்கு மேல் வேண்டாம்.

கேள்வி (வேலணை): உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?

பதில்: கம்பிகளைத் துருப்பிடிக்காத உருக்கில் எடுங்கள், குரோம் பூச்சை நம்ப வேண்டாம். பெயின்ற் அடித்துக் காய்ந்த பிறகு பிறேம் குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடியவிடுங்கள், துரு உள்ளிருந்துதான் தின்னும். சீற் குழாயைக் கிறீஸ் இல்லாமல் ஒருபோதும் இறக்க வேண்டாம், பிறகு வெளியே வராது.

கேள்வி (சுன்னாகம்): மகன் இப்படி ஒரு சைக்கிள் கட்டுகிறான். பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அம்மா, முன் பிறேக் இருக்கிறதா, லொக்றிங் இருக்கிறதா என்று பாருங்கள். செருப்போடு ஓட விட வேண்டாம், சப்பாத்தும் பெடலில் காலைப் பிடிக்கும் வாரும் வேண்டும், வேகத்தில் கால் நழுவினால் சுற்றிக்கொண்டிருக்கும் பெடல் காலில் அடிக்கும். செயின் மூடி இல்லாததால் சாரமோ அகலக் காற்சட்டையோ மாட்டினால் சாதாரண சைக்கிள் மாதிரி மிதிப்பை நிறுத்தி எடுக்க முடியாது, சில்லு நிற்கும் வரைக்கும் துணியை உள்ளே இழுக்கும். எல்லாவற்றிலும் முக்கியம், சில்லைச் சுற்றவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்தச் சைக்கிளில் விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே போனால் துண்டாகிவிடும். சில்லை நிறுத்தி, செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் பிடித்து, ஒரு சாணாகத் துடைத்து, பிறகு கையை எடுத்துவிட்டு நகர்த்தட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.